பள்ளிக்கு அனுப்பச் சொல்லும் சட்டம் வாசிக்கப் பழக்கச் சொல்லுகிறதா?

விதை வெங்காயக் கடனுக்கான படிவங்களை நிரப்புவதற்காக ஒரு மாலை, நலன்புரி நிலையமொன்றின் பொதுக் கொட்டிலிற் கூடியிருந்தோம். 1990 யூன் மாதம் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பி வந்து, காணி விடுபடுவதற்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள். நான்காந் தரத்திற் படிக்கும் சிறுவன் ஒருவனிடம் அவனுடைய தாய் படிவத்தைக் கொடுத்து, "வாசிச்சுச் சொல்லு தம்பி" என்றார். பையன் தாளைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். அவனுடைய தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். அதிலுள்ள பாடத்தைத் தடங்கலின்றிச் சொன்னான். ஆனால் பாடத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டால், முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தே அதைக் கண்டுபிடித்தான். பிள்ளை வாசிக்கவில்லை, பாடமாக்கி வைத்திருக்கிறான்.

தாய் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "பாதர், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாட்டி எங்களுக்கு வழக்குப் போடலாம் எண்டு ஒரு சட்டம் இருக்குதாம். அனுப்பின பிள்ளைக்கு வாசிக்கப் பழக்காட்டி ஆருக்கு வழக்குப் போடுறது?"

கூட்டத்திற் சிலர் சிரித்தார்கள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எமது நாட்டுக் கல்விக்கு இன்றுவரை அடிப்படையாக இருப்பது 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். இடையிடையே திருத்தப்பட்டாலும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் 1997 நவம்பரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், 1998 சனவரி முதல், ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கின. 2016 இல் அந்த மேல் எல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. கடமை பெற்றோருடையது அல்லது பாதுகாவலருடையது. பிள்ளை வராவிட்டால் விசாரிப்பதற்கென ஊர்மட்டத்திற் பாடசாலை வரவுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். தொடர்ந்து தவறும் பெற்றோரை நீதவான் முன் நிறுத்தவும் இடமுண்டு. ஆகவே அந்தத் தாய் சொன்னதில் முதற்பாதி சரி.

1998 சனவரியை எண்ணிப் பாருங்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்து இரண்டே வருடங்கள். குடாநாட்டுக்குத் திரும்பியவர்களின் பிள்ளைகள் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் மாலைநேர வகுப்புகளில் இருந்தார்கள். வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு மரநிழலே வகுப்பறை. கொழும்பில் அச்சான வர்த்தமானி, பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டும் என்றது. பாடசாலை எங்கே என்று கேட்கும் நிலையில் நாம் இருந்தோம். சட்டத்தைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்த பிள்ளையின் வாசிப்பு எங்கே அறுந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு இது தேவை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் இல்லை என்ற காரணங்களுக்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். பத்திரம் பின்னால் வரட்டும். பிள்ளை முன்னால் போகட்டும்.

இனி இரண்டாம் பாதி. கட்டளைச் சட்டத்தையும் ஒழுங்குவிதிகளையும் எத்தனை முறை புரட்டினாலும், பிள்ளைக்கு எந்த வயதில் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், எந்த முறையிற் பழக்க வேண்டும், தெரியாவிட்டாற் பாடசாலை என்ன செய்ய வேண்டும் என்பவை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதையும் எல்லோருக்கும் கல்வியிற் சமவாய்ப்பு அளிப்பதையும் அரசின் குறிக்கோள்களில் ஒன்றாகச் சொல்லுகிறது. நல்ல வார்த்தைகள். ஆனால் 29 ஆம் உறுப்புரை, அந்த அத்தியாயத்திலுள்ள எதையும் நீதிமன்றத்திற் கேட்டுப் பெறமுடியாது என்கிறது. 21 ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் ஏதேனும் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. எந்த மொழியில் வாசிப்பது என்பதைச் சட்டம் பேசுகிறது. எப்படி வாசிக்கப் பழக்குவது என்பதில் மௌனமாக இருக்கிறது.

அப்படியானால் அந்த "எப்படி" என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் உருவாக்கப்பட்டது. மகரகமையில் இருக்கும் அந்த நிறுவகமே பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டி நூலையும் தயாரிக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூலை அச்சிடுகிறது. 1980 இலிருந்து அது இலவசமாகக் கிடைக்கிறது. அமைச்சு சுற்றுநிருபம் அனுப்புகிறது. மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகமும் அதை நடைமுறைப்படுத்துகின்றன. எமது குடாநாட்டில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள். ஆக, உங்கள் பிள்ளை எந்த எழுத்தை முதலிற் கற்பது என்பது பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. ஆசிரியரின் மேசையில் இருக்கும் வழிகாட்டி நூலில் இருக்கிறது. அந்த நூலைப் பெற்றோரிற் பலர் கண்ணாற் கண்டதில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. வாசிப்பைக் காசோடு கட்டிய ஒரு காலமும் இங்கே இருந்தது.

அதற்கு முன் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியாற் கீறி, அரிச்சுவடியை உரத்துச் சொல்லிப் படித்த காலம். 1816 இல் அமெரிக்க மிசனரிமார் வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று பாடசாலைகளைத் தொடங்கினார்கள். பின்னர் எமது திருச்சபையின் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களும் வந்தார்கள். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, படிமுறையான பாலபாடங்களையும் எழுதி அச்சிட்டார். சமயப் போட்டியே இதற்கெல்லாம் தூண்டுகோல் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளை இலகுவிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏறவேண்டும் என்று எண்ணி நூல் செய்ததில் நாவலருக்கு உள்ள இடத்தை எந்தச் சமயத்தவரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1869 இல் அரசாங்கம் பொதுப் போதனைத் திணைக்களத்தை அமைத்தது. அதையடுத்து உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு, சோதனைப் பெறுபேற்றின்படி பணம் கொடுக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் 1862 இல் தொடங்கிய முறை அது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதிப்பார், தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம். பார்வைக்கு நீதியான ஏற்பாடு. ஆனால் இங்கிலாந்திற் பரிசோதகராக இருந்த மத்தியூ ஆர்ணல்ட் என்ற புலவர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். பிள்ளைகள் சோதனைக்குரிய ஒரே புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டுச் சோதனையில் வாசிப்பதுபோற் சொல்லிவிடுகிறார்கள், வேறொரு புத்தகத்தைக் கொடுத்தால் வாசிக்க இயலாது என்பது அம்முறையின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அந்தக் கொட்டிலில் நாம் கண்ட பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய நோய், இன்றைய பிள்ளையிடம்.

அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி ஆயிற்று. வயல்காரன் பிள்ளையும் மீன்பிடிகாரன் பிள்ளையும் தன் வீட்டு மொழியில் வாசிக்கத் தொடங்கலாம் என்றாயிற்று. வாசிப்பைப் பொறுத்தவரை இந்த நாடு செய்த மிகப் பெரிய காரியம் அதுதான் என்பேன். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகள் அரசுடைமையாயின. அன்று எம்மவர் பாடசாலைகளுக்குள்ளே குடியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதன் சரிபிழை வேறு கதை. விளைவு ஒன்று: வாசிப்பைக் கற்பிக்கும் முறை முழுவதும் ஒரு கையின் கீழ் வந்தது.

இப்போது உங்களிற் பலர் என்னிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். "எங்கட காலத்தில அ, ஆ, இ, ஈ எண்டு நெடுங்கணக்கை முழுசாப் படிச்சுப்போட்டுத்தான் சொல்லுக்குப் போனம். இப்ப படம் காட்டுறதும் விளையாட்டும்தான். இதால எப்பிடிப் பிள்ளை வாசிக்கும்?"

1998 இல் கம்பஹா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 இல் நாடு முழுவதும் முதலாந் தரத்தில் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தமே இந்த மாற்றத்துக்குக் காரணம். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றும் கலந்து பிள்ளை கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதலாம் இரண்டாந் தரங்கள் முதலாம் கட்டம். மூன்றும் நான்கும் இரண்டாம் கட்டம். ஐந்தாந் தரம் மூன்றாம் கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பிள்ளை அடைந்தே ஆகவேண்டிய சில தேர்ச்சிகள் குறிக்கப்பட்டன. அவற்றுக்கு அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று பெயர். இந்தச் சொற்றொடரை நினைவில் வைத்திருங்கள். உங்களுக்கு அது பிறகு உதவும்.

எழுத்துகளையும் அகர வரிசையிற் கற்பிப்பதில்லை. எழுத இலகுவான ட, ப, ம போன்றவற்றைக் கொண்டு படம், பட்டம், மரம் என்று சொற்களாகக் கொண்டுபோவார்கள். விஜயதசமியில் அரிசியில் "அ" எழுதி ஏடு தொடக்கிய பாட்டிக்கு இது விநோதமாகத் தோன்றும். ஆனால் இதில் நியாயம் உண்டு. "அ" எழுதுவதற்குக் கடினமான எழுத்து. "ட" இரண்டு கோடு. தெரிந்த சொல்லுக்குள் எழுத்தைக் கண்டாற் பிள்ளைக்கு ஒரு பிடிப்பும் உண்டாகும்.

இருந்தும் பாட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. சொல்லைப் படமாகவே மனதிற் பதித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமலே காலம் கடத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "மரம்" என்ற அட்டையைக் கண்டதும் மரம் என்பான். "மறம்" என்று எழுதிக் காட்டினாலும் மரம் என்பான். "வரம்" என்று எழுதினால் முழிப்பான். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கி, சொல்லிலிருந்து பொருளைப் பிடிப்பது. நடுவிலுள்ள படி தவறினால் மேலே ஏறமுடியாது. பொருள் தவறினாலும் பயனில்லை. குருமடத்தில் நான் கிரேக்க எழுத்துகளைப் படித்த முதல் மாதத்திற் புதிய ஏற்பாட்டின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். என்ன வாசித்தாய் என்று பேராசிரியர் கேட்டார். எனக்குத் தெரியாது.

தமிழ் எழுத்து இதிற் பிள்ளைக்கு உதவியும் செய்கிறது, உபத்திரவமும் செய்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எல்லாவற்றையும் தனித்தனியே பாடமாக்க வேண்டியதில்லை. விசிறியும் கொம்பும் அரவும் எப்படி வேலை செய்கின்றன என்று பிடிபட்டால், ஒரு மெய்யின் வரிசையிலிருந்து மற்றதற்குத் தாவலாம். ஆனால் இரண்டு இடங்களிற் பிள்ளைகள் இடறுவார்கள். ஒன்று, உகர ஊகார வரிசை: கு, சு, து, பு, மு என்பவற்றின் வால்கள் ஒரேமாதிரி இல்லை; கூ, சூ, தூ, பூ இன்னும் மோசம். மற்றது கொம்பு: கெ, கே, கொ, கை என்பவற்றிற் கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்கு முன்னே நிற்கும், ஒலி பின்னே வரும். இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளைக்கு இது குழப்பம். அத்துடன் "க" என்ற ஒரே எழுத்து கல் என்பதில் ஒருவிதமாகவும், பகல் என்பதில் வேறுவிதமாகவும், பங்கு என்பதில் இன்னொருவிதமாகவும் ஒலிக்கிறது. அதை விதியாக மட்டும் சொல்லிக் கொடுத்தாற் பிள்ளைக்குப் போதாது. சொற்களை வாசித்துத்தான் பழக வேண்டும். ஆகவே எழுத்தா சொல்லா என்ற சண்டையில், தமிழைப் பொறுத்தவரை, இரண்டு கட்சியும் பாதி வெற்றிதான்.

வீட்டிற் சொல்லிக்கொடுக்கும் முதியவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. நீங்கள் படித்த காலத்து ணை, லை, னை, றா, னா போன்றவற்றின் வளைந்த பழைய வடிவங்கள் இன்றைய பாடநூலில் இல்லை. தமிழ்நாட்டு அரசு 1978 இல் ஆணை பிறப்பித்து அவற்றைச் சீராக்கியது. எமது நூல்களும் பின்னர் அவ்வழிக்கு வந்தன. பழைய வடிவத்தை எழுதிக் காட்டிப் பிள்ளையைக் குழப்பிவிட்டு, பாடசாலையிற் பழக்கவில்லை என்று சண்டைக்குப் போகக்கூடாது. (அப்படி ஒரு சண்டையை நானே விலக்கிவைத்திருக்கிறேன்.)

சட்டம் "எப்படி" என்பதையும் சொல்லவேண்டுமா? சில நாடுகளிற் சொல்லுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2013 இலிருந்து நாற்பதளவு மாநிலங்கள் வாசிப்புக் கற்பிக்கும் முறை பற்றிச் சட்டமோ கொள்கையோ கொண்டுவந்திருக்கின்றன. படத்தையும் சூழலையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்குவதை விட்டு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். சில மாநிலங்கள் ஊகிக்கும் முறையை வெளிப்படையாகவே தடைசெய்தன. மிசிசிப்பி என்ற ஏழை மாநிலத்தின் சட்டம் 2013 இல் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேல்வகுப்புக்கு ஏற்றக்கூடாது என்றது அது. அன்று நாட்டின் கடைசி வரிசையில் இருந்த அந்த மாநிலத்தின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், 2019 இல் வாசிப்பில் நாட்டின் சராசரியை எட்டிவிட்டார்கள். சட்டம் மட்டும் அதைச் செய்யவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; பலவீனமான பாடசாலைகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள்; பிள்ளைகளை ஆண்டுக்குப் பலமுறை சோதித்தார்கள். தமிழ்நாட்டில் 2022 இல் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளை பிழையின்றி வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது இலக்கு. அது சட்டமல்ல, அரசின் திட்டம்.

எங்கள் நாட்டில் ஆரம்ப வகுப்புகளிற் பிள்ளை வருடாவருடம் மேலே ஏற்றப்படும். வாசிக்கத் தெரியாது என்று நிறுத்துவதில்லை. நிறுத்த வேண்டும் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடம்பெயர்வினால் இரண்டு வருடம் இழந்த பிள்ளையை இன்னும் ஒரு வருடம் சிறியவர்களுடன் உட்கார வைத்தால், அது பாடசாலையை விட்டே ஓடும். ஆனால் நிறுத்தாமல் ஏற்றுகிறோம் என்றால், விட்டுப்போனதை நிரப்பும் பொறுப்பும் கூடவே ஏறவேண்டும். அதுதான் நடப்பதில்லை. மூன்றாந் தரப் பிள்ளைகளைக் கொண்டு 2021 இல் கல்வி அமைச்சு நடத்திய மதிப்பீட்டில், எழுத்தறிவின் ஆகக்குறைந்த தேர்ச்சியை எட்டியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம் அது என்பதையும் சொல்லவேண்டும். இருந்தாலும் குறை எங்கள் கொட்டிலில் மட்டும் இல்லை என்பது தெரிகிறது.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு நேர்வது இதுதான். ஒரு பாடசாலையில் முதலாந் தரத்திற் பாதி. குடும்பம் உறவினர் வளவுக்கு மாறுகிறது. புதிய பாடசாலையில் ஆசிரியர் உகர வரிசையை முடித்துவிட்டார். பிள்ளைக்கு அது தெரியாது. கேட்க வெட்கம். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறது. சேர்ந்து சொல்லும்போது சேர்ந்து சொல்லுகிறது. அடுத்த வருடம் மேலே. வெங்காயம் நடும் நாட்களில் இரண்டு கிழமை தோட்டத்தில். காணி விடுபட்டதும் சொந்த ஊர்ப் பாடசாலைக்கு மீண்டும் ஒரு மாற்றம். நான்காந் தரத்தில் ஆசிரியருக்கு ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையே கண்முன் நிற்கும். பின்வாங்கில் இருக்கும் பிள்ளை அமைதியாக இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நாற்று மேட்டில் முளைக்காத இடத்தை நடும்போதுதான் காண்கிறோம். பிள்ளையையும் அப்படித்தான் காண்கிறோம், பிந்தி.

ஆகவே பிந்தாமற் காண வேண்டும். வீட்டிற் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நீங்கள் வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. பாடநூல் வேண்டாம், அது பாடமாக இருக்கும். பசளைப் பையின் தமிழ் வரியோ, கோயில் அறிவித்தலோ, பழைய பத்திரிகைத் துண்டோ எடுங்கள். ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். கடைசியாக, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாந் தரத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டி மெதுவாகவேனும் இதைச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் அடிக்காதீர்கள். கண் பார்வையிலும் காதிலும் குறையுண்டா என்று முதலிற் பாருங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு உரிய நாளிற் பிள்ளை போயிருந்ததா என்றும் கேளுங்கள். கரும்பலகை தெரியாமலே மூன்று வருடம் இருந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

அதன்பின் வகுப்பாசிரியரிடம் போங்கள். "ஏன் பழக்கவில்லை?" என்று தொடங்க வேண்டாம். நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் அந்தப் பெண்ணும் எங்கள் போலவே இடம்பெயர்ந்தவராக இருக்கலாம். கேட்கவேண்டிய கேள்வி வேறு: "ரீச்சர், முதற்கட்டத்து அத்தியாவசியத் தேர்ச்சிகளில் என்ர பிள்ளை எதுகளை எட்டேல்ல? அதுக்கு எப்ப பரிகாரக் கற்பித்தல் நடக்கும்?" இந்தக் கேள்விக்கு ஆசிரியரிடம் பதிவு இருக்கவேண்டும். கேட்பது உங்கள் குறும்பு அல்ல. அவருடைய வழிகாட்டி நூலே சொல்லும் வேலை அது. ஆசிரியரால் முடியாவிட்டால் அதிபர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கேட்டால் முணுமுணுப்பு; பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் அது தீர்மானம். அதற்கும் மேலே வலயக் கல்வி அலுவலகத்தில் ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரும் ஆசிரிய ஆலோசகர்களும் இருக்கிறார்கள். பாடசாலையை விட்டு நின்றுவிட்ட பெரிய பிள்ளைகளுக்கு அங்கேயே முறைசாராக் கல்விப் பிரிவு உண்டு.

2026 முதல் முதலாந் தரத்திலிருந்து புதிய சீர்திருத்தம் தொடங்குமென அமைச்சு 2025 இல் அறிவித்தது. சீர்திருத்தம் வரும்போதெல்லாம் நாம் எதிர்பார்ப்பதும் பிறகு அலுப்பதும் வழக்கம். எந்த முறை வேண்டும் என்று பாராளுமன்றம் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எந்த எழுத்தை முதலிற் கற்பிப்பது என்பதை ஆசிரியரிடமும் நிறுவகத்திடமும் விடலாம். ஆனால் ஒரு விடயத்தைச் சட்டமாக்கலாம். இரண்டாந் தரம் முடியும்போது, இந்தப் பிள்ளை வாசிக்கிறது அல்லது வாசிக்கவில்லை என்று பாடசாலை பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் என்ன செய்யப்போகிறது என்றும் அதே தாளில் எழுத வேண்டும். வரவைக் கட்டாயமாக்கிய ஒழுங்குவிதியோடு இன்னொரு பந்தியாக அதைச் சேர்க்க முடியும். அந்தத் தாயின் கேள்விக்கு இன்றைய சட்டத்தில் "ஒருவருக்கும் வழக்குப் போடமுடியாது" என்பதே பதில்.

அந்தப் பையனுடன் எமது சமூகநிலையத்தில் உயர்தரம் படிக்கும் ஓர் அக்கா கிழமைக்கு மூன்று மாலை உட்கார்ந்தார். உகர வரிசையிலேதான் பிசகு. கு, டு, து, பு என்று தொடங்கி, குடு, புகு, முடுக்கு என்று போனார்கள். தைப்பொங்கலுக்கு முன் தொடங்கியது. பங்குனியில் வெங்காயம் கிண்டும்போது அவன் மருந்துப் போத்தலின் எச்சரிக்கையை வாசித்து, "அப்பா, கையுறை போடச் சொல்லியிருக்கு" என்றானாம். தகப்பன் கேட்கவில்லை என்பது வேறு விடயம்.

பாடசாலைக்கோ வலயத்துக்கோ கடிதம் கொடுப்பவர்கள், பிள்ளையின் பெயர், தரம், அனுமதி இலக்கம், இதுவரை படித்த பாடசாலைகள், இடம்பெயர்ந்த ஆண்டுகள் என்பவற்றை எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் போட்டு வாங்கி வைத்திருங்கள். எழுத உதவி தேவையானால் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் சமூகநிலையத்துக்கு வரலாம். எந்தச் சமயத்தவரும் வரலாம்.